நாலு ஸ்பின், ஒரு இருபடிச் சமன்பாடு

ஏ.எல். இரசாயனவியலில் நாலு சக்திச்சொட்டெண்களைப் பாடமாக்கியிருப்பீர்கள். அந்தச் "சொட்டு" என்பதுதான் குவாண்டம். நாலாவது எண் ஸ்பின். கூட்டல் ½ அல்லது கழித்தல் ½ என்று எழுதிப் புள்ளியை வாங்கியதோடு பெரும்பாலானவர்களுக்கு அந்த அலுவல் முடிந்துவிடும். குவாண்டம் கணினிப் பக்கம் வேலைசெய்யும் ஒரு கோட்பாட்டுப் பௌதிகவியலாளருக்கு அலுவல் தொடங்குவதே அங்கேதான். அந்த நாலாவது எண்ணை வரிசையாக அடுக்கிவைத்து, பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் ஒன்றையொன்று என்ன செய்கின்றன என்று கணக்குப் பார்ப்பதில்தான் அவருடைய நாளின் பெரும்பங்கு போகிறது.

"குவாண்டம் கம்பியூட்டிங் படிக்க எந்தக் கோர்ஸ் நல்லது?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: செறிபொருள் பௌதிகவியல் படியுங்கள், அதாவது காந்தம், மீகடத்தி போன்ற பொருள்களுக்குள் எண்ணற்ற துகள்கள் சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்க்கும் துறை. முகம் கொஞ்சம் வாடும். ஆறு வாரத்தில் முடிகிற, சான்றிதழோடு வருகிற ஏதாவதொன்றைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். அந்தச் சான்றிதழ்களால் கெடுதல் இல்லை. ஆனால் அதைப் பார்த்து எந்த ஆய்வுக்குழுவும் ஆள் எடுப்பதில்லை.

காரணம் எளிது. கியூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு. மீகடத்திக் கியூபிட் என்பது, தடையில்லாமல் மின்னைக் கடத்தும் நிலையில் உள்ள, பெரும்பாலும் அலுமினியத்தால் ஆன ஒரு மின்சுற்று. இரண்டு மீகடத்தித் துண்டுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுப் படை ஒன்று. அதற்குப் பெயர் ஜோசப்சன் சந்தி. சுற்று ஏறக்குறைய 5 கிகாஹேர்ட்ஸில் வேலைசெய்யும். அந்த அதிர்வெண்ணின் ஒரு சொட்டுச் சக்தியை வெப்பநிலையாக மாற்றிப் பாருங்கள், 0.24 கெல்வின் வரும். அறை வெப்பநிலையில் மட்டுமல்ல, திரவ ஹீலியத்தின் 4 கெல்வினில்கூட வெப்பமே கியூபிட்டைத் தட்டிக் குழப்பிவிடும். அதனால்தான் 20 மில்லிகெல்வின் அளவுக்கு இறக்குகிறார்கள். 2025இல் பௌதிகவியல் நோபல் பரிசு பெற்ற கிளார்க், டெவொரே, மார்ட்டினிஸ் மூவரும் 1980களில் பெர்க்லியில் செய்தது இப்படியான சுற்றில் சக்திப் படிகள் இருப்பதைக் காட்டிய சோதனை. அப்போது அது கணினிக்கான வேலை அல்ல, முழுக்க முழுக்கச் செறிபொருள்.

பிழைதிருத்தமும் அப்படித்தான். பௌதிகவியலாளர் கிட்டாயெவ் 1997இல் முன்வைத்த டோரிக் குறிமுறையை ஒரு பக்கம் பார்த்தால் பிழைதிருத்தும் உபாயம். மறுபக்கம் பார்த்தால் நாலு நாலாக இடைத்தாக்கும் ஸ்பின்களின் ஒரு காந்த மாதிரி. அதன் வழிவந்த பரப்புக் குறிமுறையில் தூரம் (தகவலைக் கெடுக்க ஆகக்குறைந்தது எத்தனை பிழை சேர வேண்டும் என்ற எண்) 7 வேண்டுமென்றால் ஒரேயொரு நம்பகமான கியூபிட்டுக்கு 97 பௌதிகக் கியூபிட் செலவாகும்: 49 தரவுக்கு, 48 அளவீட்டுக்கு. 2024 டிசம்பரில் கூகிள் குழு தன் 105 கியூபிட் சில்லில் (சிப்) இதைச் செய்துகாட்டியபோது, தூரத்தை 5இலிருந்து 7க்கு உயர்த்த, பிழை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தக் கட்டுரையை வாசித்து விளங்க வேண்டுமென்றால் நிலைமாற்றம், வாசல் பெறுமானம், ஒழுங்கின்மை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இவை புள்ளிவிவரப் பொறிமுறை வகுப்பில் வருகிற சமாச்சாரம்.

சரி, கணக்குக்கு வருவோம். கொப்பியும் பேனையும் போதும்.

நாலு ஸ்பின்களை வட்டமாக வையுங்கள். பக்கத்து இரண்டும் ஒரே திசையில் நின்றால் அந்தப் பிணைப்புக்குச் சக்தி கூட்டல் ¼. எதிரெதிராக நின்றால் கழித்தல் ¼. எதிரெதிராக நிற்கிற சோடி தங்களுக்குள் இடம் மாறலாம். அதற்குத் தாயத்தில் ½ என்ற உறுப்பு. இவ்வளவுதான் ஹைசன்பெர்க் மாதிரி. (நம்மூரில் "தாயம்" என்பதைத்தான் தமிழ்நாட்டில் "அணி" என்கிறார்கள், அங்குள்ள புத்தகம் வாசிக்கும்போது தடுமாற வேண்டாம்.)

இரண்டு மேல், இரண்டு கீழ் என்று எடுத்தால் ஆறு அமைப்புகள் வரும். அதில் இரண்டு, மேல்-கீழ்-மேல்-கீழ் என்று மாறி மாறி நிற்பவை. நாலு பிணைப்பும் எதிரெதிர், ஆகவே மூலைவிட்டத்தில் கழித்தல் 1. மிச்சம் நாலும் மேல்-மேல்-கீழ்-கீழ் வகை. இரண்டு பிணைப்பு கூட்டல், இரண்டு கழித்தல், மூலைவிட்டத்தில் பூச்சியம். மாறி நிற்கும் அமைப்பு ஒவ்வொன்றும் இந்த நாலோடும் ½ஆல் இணைகிறது. சமச்சீரைப் பயன்படுத்தி அந்த இரண்டையும் ஒன்றாகவும் இந்த நாலையும் ஒன்றாகவும் கூட்டிக் கட்டினால், ஆறுக்கு ஆறு தாயத்திலிருந்து இரண்டுக்கு இரண்டு ஒன்று பிரிந்து வரும். மூலைவிட்டத்தில் கழித்தல் 1, பூச்சியம்; மற்ற இரண்டு இடத்திலும் √2. சக்தியை "ச" என்று எழுதினால்:

ச² + ச − 2 = 0

விடை 1, கழித்தல் 2. ஓ.எல். பிள்ளைக்குத் தெரிந்த காரணிப்படுத்தல். கழித்தல் 2 என்பது தரைநிலைச் சக்தி, அதாவது ஆகக்குறைந்த சக்தி; ஒரு ஸ்பின்னுக்குக் கழித்தல் 0.5. கூட்டல் 1 சும்மா வந்த எண் அல்ல. நாலு ஸ்பின்னும் மேலே பார்த்தால் நாலு பிணைப்புக்கும் சேர்த்துச் சக்தி 1. அந்தக் காந்தத்தை அப்படியே பக்கவாட்டில் சரித்தாலும் சக்தி மாறக்கூடாது, எனவே இரண்டு மேல், இரண்டு கீழ் கூட்டத்துக்குள்ளும் அதே 1 இருந்தாக வேண்டும். உங்கள் கணக்கில் அந்த 1 வரவில்லையென்றால் எங்கோ ஒரு ½ தவறிவிட்டது. இப்படி விடைக்குள்ளேயே விடையைச் சரிபார்க்கும் பழக்கத்தை வைத்துத்தான் ஒரு கோட்பாட்டாளரை எடைபோடுவார்கள்.

இப்போது லப்டொப்பைத் திறக்கலாம். ஸ்பின்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு போனால், ஒரு ஸ்பின்னுக்கான தரைச் சக்தி இப்படி வரவேண்டும்: 6க்கு −0.467129, 8க்கு −0.456387, 10க்கு −0.451545, 12க்கு −0.448949. முடிவிலிக்கு ¼ கழித்தல் இயற்கை மடக்கை 2, அதாவது −0.443147, பேத்தே 1931இல் திறந்துவைத்த வழியால் வந்த விடை அது. இந்த எண்களுக்கும் முடிவிலி விடைக்கும் உள்ள இடைவெளியை எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 0.82க்கு அருகே நெருங்கி வரும். அந்த 0.82 என்பது பையின் வர்க்கத்தைப் பன்னிரண்டால் வகுத்தது. ஒரு சிறிய வட்டத்தின் சக்தியில் முடிவிலிச் சங்கிலியின் அலைவேகம் ஒளிந்திருக்கிறது! முதல்முறை பார்க்கும்போது கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார வைக்கிற இடம் இது.

பிறகு சுவர் வரும். ஸ்பின் ஒன்று கூடும்போது அமைப்புகள் இரட்டிக்கின்றன. 14 ஸ்பின்னுக்கு 16,384 அமைப்புகள். முழுத் தாயத்தையும் வைக்க 2 ஜி.பி. நினைவகம், பழைய லப்டொப்பும் தாங்கும். 16க்குப் போனால் 32 ஜி.பி. வேண்டும். அங்கே "பைதன் தூங்கிவிட்டது" என்று கைவிடுகிறவர்கள் அதிகம். மேல் பாதி, கீழ் பாதி அமைப்புகளை மட்டும் எடுத்தால் 16க்கு 12,870தான், 1.3 ஜி.பி.யில் அடங்கும். 20க்கு 184,756. இதை முழுத் தாயமாக வைத்தால் 273 ஜி.பி. போய்விடும், ஆனால் அதில் பூச்சியமல்லாத உறுப்புகள் சுமார் 21 இலட்சம் மட்டுமே. ஐதான தாயமாக, அதாவது அந்த உறுப்புகளை மட்டும், வைத்தால் சில பத்து எம்.பி. அதன்பின் லான்சோஸ் முறை: ஒரு காவியைத் தாயத்தால் திரும்பத் திரும்பப் பெருக்கி, எழுபது எண்பது சுற்றில் தரைநிலையை எடுத்துவிடலாம். 24 ஸ்பின்னுக்கு 27 இலட்சம் அமைப்புகள். அதுவும் 8 ஜி.பி. லப்டொப்பில் ஓடும். வெறும் பைதன் சுற்றுகளால் தாயத்தைக் கட்டினால்தான் பொறுமை சோதிக்கப்படும், ஜூலியா மொழியில் எழுதினால் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் முடியும்.

மின்வெட்டுக்கும் லான்சோஸ் நல்ல முறை. கடைசி இரண்டு காவிகளையும் அதுவரை வந்த குணகங்களையும் கோப்பில் எழுதி வைத்தால் போதும், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 24 ஸ்பின்னுக்கு ஒரு காவி 22 எம்.பி.தான்.

எங்கெங்கே பிழைக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது, ஸ்பின் செயலிக்கும் பவுலி தாயத்துக்கும் நடுவே உள்ள ½. பவுலியில் எழுதிவிட்டு ஸ்பின் விடையோடு ஒப்பிட்டால் நாலு மடங்கு பெரிதாக, முடிவிலிச் சங்கிலிக்கு −1.7726 என்று வரும். நாலு மடங்கு வித்தியாசத்தைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம். இரண்டாவது, இரண்டு ஸ்பின்னை "வட்டமாக" வைப்பது. அதே பிணைப்பை நிரல் இருதடவை எண்ணும். மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. சுற்றுச் சமச்சீரைப் பயன்படுத்தி உந்தம் பூச்சியமான பகுதியில் மட்டும் தேடினால் 4, 8, 12 ஸ்பின்னுக்குச் சரியான விடை கிடைக்கும். 6க்கும் 10க்கும் கிடைக்காது. அங்கே தரைநிலை உந்தம் பை உள்ள பகுதியில் இருக்கிறது. 4க்கும் 8க்கும் மட்டும் சரிபார்த்துவிட்டு நிரல் சரி என்று நம்பினவர்கள் இதில் மாட்டுவார்கள்.

நாலாவது, பைதனின் சைபை நூலகத்தில் ஐகன் பெறுமானங்களை (இங்கே அவைதான் சக்திகள்) தேடும் செயற்கூறு. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது மிகச் சிறிய பெறுமானத்தைத் தராது, பருமனில் மிகப் பெரியதைத் தரும். மேலே சொன்ன சங்கிலியில் தரைநிலையே பருமனில் பெரியது என்பதால் பிழை வெளியே தெரியாது. குறுக்குப் புலத்து ஐசிங் சங்கிலி என்ற இன்னொரு ஸ்பின் மாதிரிக்குப் போனதும் நிறமாலை பூச்சியத்தின் இருபக்கமும் ஒரேமாதிரி இருப்பதால் உச்சமும் தரையும் கலந்து வரும். ஐந்தாவது, லான்சோஸை நீங்களே எழுதினால் பேய் விடைகள்: சுற்றுகள் கூடக் கூடக் காவிகள் செங்குத்துத் தன்மையை இழந்து, ஒரே ஐகன் பெறுமானம் இரண்டு மூன்று தடவை தலைகாட்டும். அதைப் பார்த்து "சமசக்தி நிலை கண்டுபிடித்துவிட்டேன்" என்று எழுதிவிடக்கூடாது.

குவாண்டம் கணினி இதற்குள் எங்கே வருகிறது? 40 ஸ்பின்னின் நிலையை அப்படியே நினைவகத்தில் வைக்க 16 டி.பி. வேண்டும், ஸ்பின்களுக்குப் பதில் ஸ்பின் போலவே நடக்கும் 40 கியூபிட்டை வைத்தால் என்ன என்பதுதான் 1981இல் ஃபைன்மன் பேசியதன் சாரம். இப்போது ஐபிஎம்மின் இலவசத் திட்டத்தில் மாதம் 10 நிமிடம் வரை நூறு கியூபிட்டுக்கு மேற்பட்ட இயந்திரத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்துகொண்டே ஓட்டலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பிணைப்பை ஒரு நேரப் படி நகர்த்த மூன்று இரு-கியூபிட் வாயில்கள் (இரண்டு கியூபிட்டில் ஒருசேரச் செய்யும் அடிப்படைச் செயல்கள்) வேண்டும். 20 ஸ்பின் வட்டம், 10 படி என்றால் 600 வாயில்கள். வாயிலொன்றுக்கு 0.3 சதவீதம் பிழை என்று எடுத்துக்கொண்டாலும், ஒரு பிழையும் இல்லாமல் முடிவதற்கான நிகழ்தகவு 0.165. ஆறில் ஒன்று. இத்தனைக்கும் அந்த 20ஐ லப்டொப் சில விநாடிகளில் சரியாகச் செய்துவிட்டது.

சில்லின் வடிவமும் பேசும். ஐபிஎம்மின் ஹெரன் சில்லுகளில் கியூபிட்டுகள் அறுகோணக் கூடுகளின் மூலைகளிலும் பக்கங்களின் நடுவிலும் இருக்கின்றன. ஒரு கூட்டைச் சுற்றி 12. பக்கத்துக் கூடு இரண்டைச் சேர்த்துச் சுற்றினால் 20. ஆகவே 12, 20 ஸ்பின் வட்டங்கள் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தும். 16க்கு இடமாற்று வாயில்கள் வேண்டும், ஒவ்வொரு இடமாற்றுக்கும் இன்னும் மூன்று வாயில் பிழை. எந்த எண்ணிக்கையைத் தேர்வது என்று சில்லின் படத்தைப் பார்த்து முடிவெடுப்பவருக்கும், சும்மா 16 என்று போடுபவருக்கும் கிடைக்கும் வரைபுகள் வேறு வேறு. இன்னொன்று: ஐபிஎம்மின் மென்பொருளான கிஸ்கிட்டில் பூச்சியமாம் கியூபிட் விடைத் தொடரின் வலது ஓரத்தில் இருக்கும். உங்கள் நிரல் இடமிருந்து எண்ணினால், வட்டத்தில் ஒன்றும் தெரியாது, திறந்த சங்கிலியில் எல்லாம் தலைகீழாக வரும். அளவீட்டுப் பிழையையும் மறக்கக்கூடாது. 4,000 தடவை அளந்தால் 1.6 சதவீதம், ஆயிரத்தில் ஒன்று வேண்டுமென்றால் பத்து இலட்சம் தடவை. பத்து நிமிடம் எங்கே போனதென்று தெரியாது.

எனவே இன்றைய கோட்பாட்டாளரின் வேலையில் பாதி, இயந்திரம் தந்த எண்ணை நம்பலாமா என்று தீர்ப்பது. மயோரானா துகள் (தனக்குத் தானே எதிர்த்துகளாக இருப்பது) பற்றி 2018இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. நனோக்கம்பியில் பூச்சிய வோல்ற்றில் கடத்துதிறன் உச்சம் ஒன்று தெரிவதுதான் அடையாளம் என்றார்கள். கம்பியில் கொஞ்சம் ஒழுங்கின்மை இருந்தாலும் அதேபோல உச்சம் வரும் என்பதைக் காட்டியது செறிபொருள் கோட்பாட்டுக் கணக்குகள். தளத்தைத் தெரியாமல் மாடி கட்டினால் இதுதான் நடக்கும்.

இனிப் பாதை. எஞ்சினியரிங்குக்கு இசட் புள்ளி காணாமல் பௌதிக விஞ்ஞானம் கிடைத்த பிள்ளைகளைப் பார்த்துச் சனம் "அப்ப கம்பஸ் முடிச்சு ரீச்சிங்தானே?" என்று கேட்பது வழக்கம். கேட்டுவிட்டுப் போகட்டும். பௌதிகவியலோடு கணிதத்தையும், வாய்த்தால் கணினி விஞ்ஞானத்தையும் எடுங்கள். மூன்று வருடத்தோடு நிற்காமல் நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போக வேண்டும். வெளிநாட்டுக் குழுக்கள் நாலாம் வருட ஆய்வறிக்கையைத்தான் முதலில் கேட்கும். பரீட்சைக்குத் தேவையானதைவிட நேரியல் அட்சரகணிதத்தை இருமடங்கு படியுங்கள். ஏ.எல். வரை தமிழில் படித்துவிட்டுக் கம்பஸில் ஆங்கிலத்துக்கு மாறும் முதல் வருடம் எல்லோரையும் தட்டும். சொல் தெரியாததைக் கணக்குத் தெரியாதது என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். தாயமும் துணிகோவையும் எந்தப் பாசையிலும் அதே தாயமும் துணிகோவையும்தான்.

இரண்டாம் வருடத்திலிருந்து ஆர்க்கைவ் பார்க்கும் பழக்கம் வேண்டும். 1991இலிருந்து இயங்கும் இந்த இலவச ஆய்வுக்கட்டுரைக் களஞ்சியத்தின் புதிய பட்டியல் நம்முடைய நேரத்துக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5:30க்கு வரும், அமெரிக்கக் குளிர்காலத்தில் 6:30க்கு. நல்லூர் மணி கேட்கிற நேரத்தில் உலகம் முழுக்க இருக்கிறவர்கள் பார்க்கும் அதே பட்டியல் உங்கள் கையிலும் இருக்கும். தலைப்புகளை மட்டும் பாருங்கள், வாரம் ஒன்றின் முன்னுரையை வாசியுங்கள். கட்டுரை முழுவதும் விளங்க இரண்டு வருடமாவது எடுக்கும்.

பேனையும் கடதாசியும் மட்டும் போதும் என்பதற்கு நம்மவரிடமும் உதாரணம் உண்டு. சி. ஜே. எலியேசர் 1943இல் கேம்பிரிட்ஜில் வெளியிட்ட ஒரு கட்டுரை: கதிர்வீச்சின் பின்னுதைப்பையும் சேர்த்த டிராக் சமன்பாட்டின்படி, புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் போகும் இலத்திரன் அதில் போய் விழாது, திரும்பி ஓடிவிடும். ஈர்க்கும் விசையில் விலகி ஓடுகிறது! சமன்பாட்டில்தான் ஏதோ கோளாறு என்பதற்கு அது இன்றும் எடுத்துக்காட்டு. செலவு, பேனையும் கடதாசியும்.

பட்டத்துக்குப் பின் நேரே கலாநிதிப் படிப்புக்குத் தாவ முடியாதவர்களுக்கு இத்தாலியின் திரியெஸ்தேயில் உள்ள ஐ.சி.டி.பி. எனப்படும் சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையத்தின் டிப்ளோமாதான் முதல் வாசல் என்பேன். அப்துஸ் சலாம் 1964இல் நம்மைப்போன்ற நாட்டவர்களுக்காகவே தொடங்கிய நிலையம். ஒரு வருடம், கட்டணம் இல்லை, தங்குவதும் பயணமும் அவர்கள் செலவு, செறிபொருளுக்கென்றே தனிப் பிரிவு. அருகே என்றால் சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம். உயர்வெப்ப மீகடத்திகள் பற்றி 1987இல் ஆண்டர்சனோடு எழுதிய பாஸ்கரன் அங்கேதான் பணியாற்றினார். ஐக்கிய இராச்சியத்தில் அரச ஆய்வு நிதி பெறும் வெளிநாட்டு மாணவர் விகிதம் 30 சதவீதத்துக்குள் கட்டுப்பட்டது, ஆகவே இடம் கிடைப்பது கடினம். அமெரிக்காவில் கற்பித்தல் உதவியாளராக வைத்துச் சம்பளம் தருவார்கள், ஆனால் விண்ணப்பக் கட்டணமே பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் டொலரில் போகும். கட்டண விலக்குக் கேட்டு எழுதினால் சில இடங்களில் கிடைக்கும். கேட்பதில் வெட்கம் வேண்டாம். லண்டன் மாமாவின் காசில் ஒரு வருட "குவாண்டம்" முதுமாணிக்குப் போவதை மட்டும் நன்றாக யோசியுங்கள். பௌதிகவியலில் கலாநிதிப் படிப்புக்குச் சம்பளம் தருவார்கள். நீங்கள் காசு கட்டிப் போகிற இடத்தில் அதற்கு ஈடான ஆய்வு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சிபாரிசுக் கடிதம் மூன்று வேண்டும். உங்கள் புள்ளியை மட்டும் தெரிந்த சேர் எழுதும் கடிதத்தில் புள்ளிதான் இருக்கும். அது சான்றிதழிலேயே இருக்கிறது. உங்கள் நிரலில் இருந்த பிழையைக் கண்டு சொன்ன சேரோ மிஸ்ஸோ எழுதினால் அது வேறு கடிதம். இதற்காகத்தான் நாலாம் வருட ஆய்வில் வாராவாரம் போய்க் கரைச்சல் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு எழுதும் ஈமெயிலில், மாண்புமிகு என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றில் ஒரு வரைபை நீங்களே மீண்டும் போட்டுப் பார்த்து, எந்த இடத்தில் ஒத்தது, எந்த இடத்தில் ஒக்கவில்லை என்று நாலு வரி எழுதினால் பதில் வர வாய்ப்புண்டு.

கலாநிதிக்கு நாலு முதல் ஆறு வருடம், அதன்பின் இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்களாகப் பின்-கலாநிதிப் பதவிகள். நிரந்தர இடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. வெளியேறுகிறவர்கள் கியூபிட் கட்டும் நிறுவனங்களுக்கும் மென்பொருளுக்கும் வங்கிகளுக்கும் போகிறார்கள். வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது, முப்பது வயதுவரை "இன்னும் படிக்கிறாரோ?" என்று ஒவ்வொரு கலியாணவீட்டிலும் கேட்கப்போகிறார்கள்.

நேர்முகம் பெரும்பாலும் இணையவழியில், நம்மூர் இரவில் நடக்கும். லப்டொப்பை முழுதாக மின்னேற்றி, போன் இணைப்பைப் பின்தயாராக வைத்து, வெள்ளைத்தாளும் கறுப்புப் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பின்னைத் தந்து சக்திகளைக் கேட்பது வழக்கமான தொடக்கம். எழுத முன் "ஸ்பின் செயலியிலா, பவுலியிலா?" என்று நீங்களே கேளுங்கள். பிறகு கழித்தல் முக்கால் ஒன்று, கூட்டல் கால் மூன்று என்று எழுதி, நாலையும் கூட்டினால் பூச்சியம் வருகிறது, தாயத்தின் மூலைவிட்டக் கூட்டுத்தொகையும் பூச்சியம்தான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி நாலு ஸ்பின் வட்டமாக இருக்கலாம்.